கத்தி நின்ற பக்கம்

இப்போது நான் வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் கருவாட்டு மணம் இல்லை. பெட்டிக்குள் நெடுநாள் கிடந்த சேலையை விரித்தால் வருமே ஒரு புளித்த வாசம், அது மட்டும்தான் வருகிறது. அறுபது வருசத்துக்கு முன் இதே கதையை நான் வாசித்தபோது ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் கட்டா மீனின் எண்ணெய் ஊறியிருந்தது. வெயிலுக்குப் பிடித்தால் மறுபக்கத்து எழுத்துத் தெரியும். விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டினால் உப்புக் கரிக்கும். நாவலின் சுவை என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் அந்த உப்புத்தான் வாயில் வருகிறது.

சிலாபத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, ஒரு வாசிப்பு வட்டம் கூடுகிறது. வருகிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கியில் இருந்தவர்கள், உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவர்கள் புத்தகம் அடுக்கி வைத்திருக்கிற மூன்று அலுமாரியும் நான் வாங்கிக் கொடுத்தவை என்பதால் முன்வரிசையில் எனக்கு ஒரு கதிரை உண்டு. மறைக்க என்ன இருக்கிறது, மூன்று லொறி, ஒரு ஐஸ் தொழிற்சாலை, பெரிய வீதியில் வரும்போதே கண்ணில் படுகிற மாடி வீடு, இவ்வளவும் இந்தக் கையால் மீன் கீறி வந்தவை. எனக்கு முன்னால் நடந்து வழிகாட்டினவர் ஒருவரும் இல்லை. மீன் சந்தையில் 'ஜசிந்தாம்மா வாறா' என்றால் தராசுக்காரன் நிமிர்ந்து இருப்பான்.

அந்த வட்டத்தில் ஒவ்வொருவராக எழும்பி, இப்போது என்ன வாசிக்கிறேன், மற்றவர்கள் எதை வாசிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். இரண்டு வருசமாக என் முறை வரும்போதெல்லாம் கண்ணாடி மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லித் தப்பினேன். இந்த முறை கோயில் மலருக்கு எழுத்திலேயே கேட்டுவிட்டார்கள். சரி, எழுதுகிறேன். எனக்கும் களைத்துவிட்டது, இதைச் சுமந்துகொண்டு இன்னும் எவ்வளவு தூரம் நடப்பது?

கடல் அடங்குகிற மாதங்களில் எங்கள் ஆட்கள் சிலாபக் கரையிலிருந்து குடும்பத்தோடு கற்பிட்டிப் பக்கம் போய், மணலில் தென்னோலைக் கிடுகால் கொட்டில் போட்டுத் தங்குவார்கள். அதற்கு 'வாடி' என்று பேர். ஆண்கள் கடலுக்குப் போக, பதினைந்து பதினாறு பெண்கள் ஒரு கூரையின் கீழ் பன் பாயில் வட்டமாக இருந்து, மீனை முதுகோடு கீறிக் குடல் எடுத்து உப்புத் தடவி ஓலைக் கடகத்தில் போடுவார்கள். காலையில் குந்தினால் வெயில் சாயும்வரை அதே இருப்பு. அவர்களில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் நான் வாசிக்கிற வேகத்தைப் பார்த்துப் பங்குச் சுவாமியே ஒருமுறை நின்று கேட்டிருக்கிறார்.

கருவாடு சுற்றுவதற்கென்று முதலாளி சிலாபத்திலிருந்து பழைய கடதாசிக் கட்டு அனுப்புவார். பத்திரிகை, பள்ளிக் கொப்பி, நோட்டிசு எல்லாம் கலந்து கிடக்கும். அதற்குள் எப்போதாவது ஒரு கதைப் புத்தகம் அகப்பட்டால் அன்றைக்கு எனக்குக் கத்தி இல்லை. நான் நடுவில் ஒரு உப்பு மூட்டையின் மேல் ஏறியிருந்து உரக்க வாசிக்க வேண்டும்; பத்து மீன் கீறினவள் பதினோராவது மீனை என் கடகத்தில் போட வேண்டும். அதற்கு 'வாய்ப்பங்கு' என்று பேர் வைத்திருந்தார்கள். இரண்டு பருவம் நான் மீனைத் தொடாமல் வாயாலேயே கடகம் நிரப்பினேன். இன்றைக்கு வட்டத்துக்கு வருகிற எந்த ஆசிரியருக்காவது வாசித்ததற்கு மீன் கிடைத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நல்ல புத்தகம் எது என்று அறிய எங்களிடம் ஒரு வழி இருந்தது. பதினாறு கத்தியும் 'சரக் சரக்' என்று ஓடிக்கொண்டே இருந்தால் கதை சுமார். கத்தி நின்றால் கதை நல்லது. காதலனும் காதலியும் நிலவைப் பார்த்து இருபது பக்கம் பேசுகிற ஒரு புத்தகத்தை வாசித்தபோது, என் பெரியம்மா எலிசபெத்து தலை நிமிராமலே, "இந்த ரெண்டு பேருக்கும் ஒரு வேலையும் இல்லையா?" என்று கேட்டாள். பிறகு, "போதும் புள்ள, இதால கட்டாவைச் சுத்து" என்றாள். எங்கள் வாடியில் விமர்சனம் அப்படித்தான் நடந்தது. சுற்றப்பட்ட புத்தகங்கள் பல. சுற்றப்படாமல் தப்பியவை மூன்றோ நாலோ.

அப்படி ஒரு மாசி மாதத்தில் கடதாசிக் கட்டுக்குள்ளிருந்து வந்ததுதான் இந்தப் புத்தகம். அட்டை இல்லை, பேர் இல்லை, எழுதினவர் யாரென்று இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கியது. கடலையே காணாத ஏதோ ஒரு ஊரில் பாக்கியம் என்று ஒருத்தி. புருசன் கிணறு வெட்டுகிற வேலைக்கென்று வெளியூர் போனவன் திரும்பவில்லை. அவள் ஒரு ஆடு வளர்க்கிறாள், மாமியாரின் இருமலுக்குக் கசாயம் வைக்கிறாள், பின்னேரத்தில் கதவைச் சாத்துமுன் ஒருமுறை வாசலில் நின்று ஒழுங்கையைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். நூறு பக்கத்துக்கு வேறொன்றும் நடக்கவில்லை. எனக்கே சலித்தது. பெரியம்மா இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன். ஆனால் அந்தக் கதவைச் சாத்துகிற இடம் வரும்போதெல்லாம் கத்திகள் ஒவ்வொன்றாக நின்றன. நடக்கிற கதைக்குக் கத்தி நிற்பதைக் கண்டிருக்கிறேன். நடக்காத கதைக்கு நின்றதை அன்றுதான் கண்டேன்.

முதலில் நிற்கிற கத்தி பிலோமினாக்காவுடையது. அவளுக்கு அப்போது இருபத்துமூன்று இருக்கும். புருசன் சவிரியான் இரண்டு பருவத்துக்கு முன் கடலுக்குப் போனவன். வள்ளமும் வரவில்லை, வலையும் ஒதுங்கவில்லை. உடல் வராததால் அவள் கறுப்பு உடுக்கவில்லை, இறந்தவர் பூசையும் வைக்க விடவில்லை. அவளுடைய தமையன் முந்தல் ஊரில் ஒருவனைப் பேசி வைத்திருந்தார். மனைவி இறந்தவன், தென்னந்தோட்டம் உள்ளவன். உயிர்த்த ஞாயிறாகிய பெரியநாள் கழிந்ததும் பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தவணை. வாடியில் எல்லாருக்கும் இது தெரியும். ஒருவரும் அவள் முன்னால் கதைப்பதில்லை. எனக்கும் தெரியும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்தேன் என்று நான் பிறகு சொல்ல இடமில்லை.

விபூதிப் புதனுக்கு முதல் நாள் பாக்கியத்துக்குக் கடிதம் வந்தது. தபால்காரன் வேலிப் படலையில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்து வாங்குகிறாள். பிரிக்காமல் அம்மியின் மேல் வைத்துவிட்டு ஆட்டைக் கட்டப் போகிறாள். அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது. பதினாறு கத்தியும் நின்றிருந்தன. அடுத்த பக்கத்தைத் திருப்பப் போன என் கையை அம்மா பிடித்தாள். நேரம் போய்விட்டது, மறுநாள் தவக்காலம் தொடங்குகிறது. நாற்பது நாளும் பாட்டு இல்லை, கலியாணம் இல்லை, கதையும் இல்லை. "ஆண்டவர்ட பாடுகள் இருக்கேக்க ஆட்டுக்காரிட பாடு என்னத்துக்கு?" என்று சொல்லி அம்மா புத்தகத்தைச் சணல் கயிற்றால் கட்டிக் கூரை வளையில் செருகினாள்.

பிறகு வந்த நாட்களில் மீன் கீறுகிற இடத்தில் வேறு பேச்சே இல்லை. கடிதத்தை மாமியார் எடுத்துவிட்டால்? அம்மி நனைந்திருந்தால்? ஆடு தின்றுவிட்டால்? இரண்டாம் வெள்ளி சிலுவைப்பாதைக்குப் பங்குச் சுவாமி எங்கள் ஓலைக் கோயிலுக்கு வந்தபோது பெண்கள் கூட்டமாகப் போய் அவர் முன்னால் நின்றார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"பூசையில வேண்டிக்கொள்ள ஒரு கருத்து இருக்கு சுவாமி" என்றாள் பெரியம்மா.

"ஆருக்கு?"

"பாக்கியத்துக்கு."

"எந்த வாடிப் பாக்கியம்?"

"இஞ்ச இல்ல சுவாமி, கதையில. கடிதம் வந்திருக்கு. பிரிக்க முந்தித் தவக்காலம் வந்திட்டுது."

சுவாமி சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவவுக்கு ஞானஸ்நானம் ஆச்சுதா?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஆச்சு சுவாமி, முன்பக்கத்தில இருக்கு" என்றேன். கிழிந்துபோன அந்த எட்டுப் பக்கத்தில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஞாயிறு பூசையில், நோயாளிகளுக்கும் கடலில் உள்ளவர்களுக்கும் பிறகு, 'கடிதத்தோடு காத்திருக்கிற பாக்கியத்துக்காகவும்' என்று சுவாமி சொன்னார். ஆமென் என்று கூரை அதிர்ந்தது. பிலோமினாக்கா மட்டும் சொல்லவில்லை. முக்காட்டை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

பெரிய சனிக்கிழமை கருவாடு எடுக்க ஆட்கள் வந்தபோது கடதாசி போதாமல் போயிற்று. நான் தண்ணீருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து வளையைப் பார்த்தால் புத்தகம் மெலிந்திருக்கிறது. கடைசி முப்பது முப்பத்தைந்து தாளும் இல்லை. அவை கட்டாவைச் சுற்றிக்கொண்டு லொறியில் போய்விட்டன. நான் அலறினேன். அம்மாவுக்கு நான் ஏன் அலறுகிறேன் என்றே விளங்கவில்லை.

"முன்பக்கத்தில நான் கை வைப்பேனா? அதில பாக்கியம் இருக்கிறா, ஆடு இருக்கு, எல்லாம் நாங்க கேட்டது. பின்னுக்கு இருக்கிறதை இன்னும் ஒருத்தரும் வாசிக்கயில்லையே. அது வெறுங் கடதாசிதானே புள்ள."

அம்மா பொய் சொல்லவில்லை. எழுத்து அறியாத அவளுக்கு, வாசித்துக் கேட்ட தாளில் ஆட்கள் இருந்தார்கள். வாசிக்காத தாளில் இன்னும் ஒருவரும் குடிவரவில்லை. அவள் கவனமாகவே தெரிந்தெடுத்து, ஆளில்லாத தாள்களைக் கிழித்திருக்கிறாள்.

திங்கட்கிழமை எல்லாரும் நேரத்தோடு வந்து குந்திவிட்டார்கள். முடிவு போய்விட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை என்று பல வருசம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நாற்பது நாள் காத்திருந்த பதினாறு பேரின் முகம் என் வாயைப் பார்த்திருந்தது. அந்த இடத்தை விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. பழைய பக்கங்களை விரித்து வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டு, முடிவை நானே கட்டினேன். பாக்கியம் கடிதத்தைப் பிரிக்கிறாள். 'அன்புள்ள பாக்கியம், நான் சுகமாக இருக்கிறேன். என்னை இறந்தவன் என்று ஊர் சொல்லும், நீ நம்ப வேண்டாம். எத்தனை வருசம் ஆனாலும் கதவைச் சாத்துமுன் பார், வருவேன்.' அதை வாசிக்கும்போது குரலைத் தாழ்த்தினேன். கத்திகள் நின்றன. பெருமைக்குச் சொல்லவில்லை, எழுதினவரே வாசித்திருந்தாலும் அப்படி நின்றிராது. அன்றைக்கு எனக்கு வாய்ப்பங்கு இரண்டு கடகம்.

மறுநாள் பிலோமினாக்கா தமையனிடம் முந்தல் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னாள்.

சவிரியான் வரவில்லை. அந்தப் பருவமும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. நான் கலியாணம் கட்டி, புருசனை இழந்து, முதல் லொறி வாங்கி, இரண்டாவது வாங்கி வளர்ந்துகொண்டே போனேன். அவள் யாரோ வீட்டில் சமைத்து, யாரோ பிள்ளையை வளர்த்து, கடைசியில் அந்த முந்தலிலேயே தமையன் மகள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, ஒரு பெட்டி நல்ல கருவாடு அனுப்புவேன். நேரே போகமாட்டேன். போனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பேரில்லாத ஒரு புத்தகத்தை எங்கே போய்த் தேடுவது? போன வருசம் புத்தளத்துக்கு ஒரு அலுவலாகப் போனவள், தில்லையடியில் பழைய புத்தகம் விற்கிற ஹனீபா நானாவின் கடையில் ஏறிக் கதையைச் சொன்னேன். கிணறு, ஆடு, அம்மி மேல் கடிதம். அவர் தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடையோடு வந்தவர். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது எங்கட வாப்பா வெச்சிருந்த புத்தகம்மா. மன்னார் வீட்டு ஜன்னல்ல வெச்ச மாதிரியே உட்டுட்டு வந்த. முடிவைச் சொல்லவா?"

"வேணாம் நானா. புத்தகத்தைத் தாங்க."

"நானும் அதைத்தான் தேடிட்டிருக்கேன். ரெண்டு கெடைச்சா ஒண்டு உங்களுக்கு."

பத்து மாதத்துக்குப் பிறகு ஒன்றுதான் கிடைத்தது. "நான் வாசிச்சவன், நீங்க வாசிக்காதவங்க" என்று அதை எனக்கே தந்துவிட்டார்.

இந்தத் தை மாதம் புத்தகத்தோடு முந்தலுக்குப் போனேன். பிலோமினாக்கா சுருங்கிப்போயிருந்தாள். கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். தாள் கிழிந்ததை, நான் கட்டியதை, மறுநாள் அவள் வேண்டாம் என்று சொன்னதை, அறுபது வருசமாக நான் உறங்காததை.

"எந்தக் கடிதம்?" என்றாள்.

நான் மறுபடி சொன்னேன்.

"எனக்கு அந்த ஆடுதான் ஞாபகம். கறுப்பாடு. ஒரு காது வெட்டு. அதுக்கு என்ன நடந்தது?"

"அக்கா, நான் பொய்யா வாசிச்சதாலதானே நீ அந்தச் சம்பந்தத்தை..."

"விசரி. அந்த மனிசன் பொண் பாக்க வந்து, நான் வைச்ச சுறாக் கறியைப் பாதியில வைச்சிட்டுக் கை கழுவினான். அப்பவே முடிஞ்சுது. கதையைக் கேட்டு ஆராச்சும் கலியாணம் வேணாமெண்டுவாளா? நாங்க மீன் கீறின ஆக்கள், புள்ள. பைத்தியங்கள் இல்ல."

"கதைக்காரிக்குப் பூசை வைச்ச ஆக்கள்தானே நாங்க?"

"அது வேற. அது அவவுக்கு ஒரு உதவி."

எனக்கு இலேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. என்னுடையது என்று நான் கட்டிக்காத்த பெரிய சொத்துகளில் அந்தக் குற்றமும் ஒன்றாக இருந்திருக்கிறது. அதையும் இவள் ஒரு சட்டிக் கறிக்குக் கொடுத்துவிட்டாளே என்று மனம் வெறிச்சோடிப் போயிற்று. அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். தமையன் படம், தமையன் மனைவி படம், இரண்டுக்கும் கீழே இறந்தவர்களுக்கு ஏற்றுகிற சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் சவிரியானின் படம். அதன் கீழே விளக்கு இல்லை. விளக்குத் தொங்கவிட ஆணிகூட அடித்திருக்கவில்லை. புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தேன்.

"சும்மா இருக்காம வாசி" என்றாள்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். கிழிந்த எட்டுப் பக்கத்தையும் முதல் தடவையாக வாசித்தேன். ஞானஸ்நானம் பற்றி ஒரு வரியும் இல்லை. வாரத்தில் மூன்று பின்னேரம் போனேன். லொறிக் கணக்கை மகன் பார்த்தான். பக்கங்களை எண்ணிக்கொண்டு நான் வேகமாக ஓட, அவள் மறித்து மறித்துக் கேள்வி கேட்டாள். கசாயத்துக்கு என்ன போட்டாள், ஆடு எத்தனை குட்டி போட்டது. "என்ன அவசரம், பஸ்ஸை விடப் போறியா? உன்ட கார் வாசல்லதானே நிக்குது" என்பாள். இப்படி இழுத்து இழுத்து, தபால்காரன் வந்து, அவள் ஈரக்கையைத் துடைத்து, கடிதத்தை அம்மி மேல் வைத்தபோது, பிலோமினாக்கா சேலை மடிப்பை நீவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். கத்தி இல்லாத அந்தக் கை நின்றதைப் பார்த்தேன்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"நாளைக்கு விபூதி. மூடு."

மூடினேன். வேறென்ன செய்ய?

சென்ற கிழமை மூச்சுத் திணறல் என்று அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். நோயாளிக்குத் தவக்கால ஒறுத்தல் இல்லை என்று சுவாமியே சொல்கிறார், இப்போதே வாசிக்கட்டா என்று கேட்டேன். மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "எனக்கு இல்லாம இருக்கலாம். உனக்கு உடம்பில வருத்தம் ஒண்டும் இல்லையே" என்றாள். பிறகு, "அந்தக் கடிதத்தை ஆடு தின்னாம நீ பாத்துக்கொள்" என்றாள்.

வரும் வழியில் என்னவோ தோன்றிக் காரைக் கற்பிட்டிப் பக்கம் விடச் சொன்னேன். வாடி நின்ற இடத்தில் இப்போது கண்ணாடிச் சுவர் வைத்த ஹோட்டல். வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறார்கள். ஓலைக் கோயில் சீமெந்துக் கோயிலாகி நல்ல ஒலிபெருக்கியும் இருக்கிறது. கருவாட்டைப் பொலித்தீனில் கட்டுகிறோம், நானே அப்படித்தான் கட்டுகிறேன். வாசித்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பதினாறு பேரில் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்தி. வட்டத்தில் எல்லாரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு. ஒரு கோப்பையாவது பாதி வழியில் நின்று நான் இன்னும் காணவில்லை.

ஆகவே வட்டத்தாருக்கு என் பதில். இப்போது வாசிப்பது இந்தப் புத்தகம். பேரை மண்டபத்துக்கு வந்தால் காதோடு சொல்கிறேன். இருநூற்று ஆறாம் பக்கத்தில் நிற்கிறேன். எல்லாரும் வாசியுங்கள் என்று துணிந்து சொல்வேன், முடிவு எனக்கே தெரியாது என்றாலும். புத்தகம் அலுமாரியின் மேல் தட்டில், சணல் கயிற்றால் கட்டிக் கிடக்கிறது. மூன்று லொறியை ஓட விடுகிற நான் ஒரு தாளைத் திருப்பாமல் இருக்கிறேன். காலையும் மாலையும் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுக்கிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் பதினெட்டு நாள்.